தூக்கம் தொலைத்த நாய்

புல்டாக் ஒன்று தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் முதலில் கேட்பது குறட்டை. கனமான, ஈரமான குறட்டை. கொஞ்ச நேரத்தில் அது சட்டென்று நின்றுபோகும். நெஞ்சு விரியப் பார்க்கும், வயிறு உள்ளே ஒட்டும், காற்று மட்டும் போகாது. சில விநாடிகள் அப்படியே கழியும். பிறகு உடம்பு ஒருமுறை உதறி, தலை தூக்கி, பெரிய செருமலோடு மூச்சு திரும்பும். கண்ணைப் பாதி திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாயும். மறுபடி குறட்டை, மறுபடி அமைதி, மறுபடி உதறல்.

இதே குட்டை முகக் கூட்டத்தில் வேறு சில நாய்கள் மோவாயைப் படியின் விளிம்பில் தூக்கி வைத்துக்கொண்டு தூங்கும். சில உட்கார்ந்தபடியே கண் அயரும். தலை சரிந்ததும் திடுக்கிட்டு விழிக்கும். வாயில் பொம்மையைக் கவ்விக்கொண்டே உறங்குபவையும் உண்டு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், கைபேசியில் படம் பிடிப்பார்கள். அந்த நாய்க்குப் பொம்மை விளையாட்டுச் சாமான் அல்ல. வாய் மூடினால் மூக்கு வழியே போதிய காற்று கிடைக்காது. பல்லுக்கு நடுவே ஏதாவது இருந்தால் வாய் திறந்தே இருக்கும். அதைத் தானாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறது, பாவம்.

இந்த இரவு அந்த நாய்க்கு இயற்கை கொடுத்தது அல்ல. இங்கிலாந்தில் மனிதர்கள் சில பத்தாண்டுகளில் உண்டாக்கியது.

புல்டாக் என்ற பெயரே அதன் பழைய வேலையைச் சொல்கிறது. காளையைக் கயிற்றால் ஒரு இரும்பு வளையத்தில் கட்டி, அதன் மேல் நாய்களை ஏவிவிடும் கேளிக்கை இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் நடந்தது. காளையின் மூக்கைக் கவ்வி விடாமல் தொங்கும் நாயே கெட்டிக்கார நாய். இப்படிக் கடிபட்ட மாட்டின் கறி மென்மையாக இருக்கும் என்றும் நம்பினார்கள். காளையை நாய்விட்டுக் கடிக்கவைக்காமல் வெட்டக் கூடாது என்று கசாப்புக்காரர்களுக்கு விதி வைத்திருந்த ஊர்களும் இருந்தன. இதை நிறுத்த 1800இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா தோற்றது. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த ஜோசப் பீஸ் என்ற உறுப்பினரின் முயற்சியால் 1835இல்தான் விலங்குவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது.

அந்தக் காலத்து புல்டாக் எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி ஒரு படம். ஏப்ரஹாம் கூப்பர் வரைந்து 1817இல் அச்சுப் படமாக வந்த அதில் கிரிப், ரோசா என்று இரண்டு நாய்கள். கால்கள் நீளம், உடம்பு கட்டு, முகத்துக்கு முன்னே ஒரு மூக்குத்தண்டு தெளிவாகத் தெரிகிறது. இன்றைய புல்டாக்கை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் உறவினர் என்று நம்பச் சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.

1835க்குப் பிறகு வேலை போன இந்த நாய், லண்டன் மதுக்கடைகளின் பின்கட்டில்தான் பிழைத்தது. பில் ஜார்ஜ் போன்ற வியாபாரிகள் அதை வளர்த்து விற்றார்கள். 1859இல் நியூகாசிலில் முதல் முறையான நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் கென்னல் கிளப், 1875இல் புல்டாக் கிளப் என்று நாய் வளர்ப்போர் சங்கங்கள் தோன்றின. இப்போது நாய் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை, எப்படி நிற்கிறது என்று கேட்டார்கள். எழுதிவைத்த இலக்கணத்தில் தலை பெரிதாக, முகம் குட்டையாக, மார்பு அகலமாக இருக்க வேண்டியிருந்தது. பரிசு பெற்ற நாய்க்கே அதிகக் குட்டிகள் என்பதால் ஒவ்வொரு தலைமுறையிலும் மூக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

மூக்கு பின்னால் இருந்தால்தான் காளையைக் கவ்விக்கொண்டே மூச்சுவிட முடியும் என்ற விளக்கம் இன்றும் சொல்லப்படுகிறது. காலக்கணக்கு அதற்கு இடம்கொடுக்கவில்லை. காளைகளோடு உண்மையில் மல்லுக்கு நின்ற நாய்களுக்கு மூக்கு இருந்தது. முகம் தட்டையானது கண்காட்சிக் காலத்தில், எந்தக் காளையும் எதிரில் இல்லாதபோது.

விளைவு வெளியே தெரிய அதிக நாள் ஆகவில்லை. 1890களில் கிங் ஆரி, டாக்லீஃப் என்ற இரண்டு புகழ்பெற்ற புல்டாக்குகளுக்குள் ஒரு பந்தயம் வைத்தார்கள்: 20 மைல் நடக்க வேண்டும். கிங் ஆரி பழைய வார்ப்பு, எலும்பு இலேசு. டாக்லீஃப் குள்ளம், கனம், புதிய ரசனைக்குத் தக்க நாய். கிங் ஆரி 20 மைலையும் நடந்து முடித்தது. டாக்லீஃப் வழியிலேயே சுருண்டு விழுந்தது. ஆனால் பின்வந்த தலைமுறைகள் டாக்லீஃபின் உருவத்தை நோக்கித்தான் போயின. புல்டாக் வரலாற்றில் இதைவிட வருத்தமான இடம் இல்லை. தோற்ற நாய் எது என்று கண்ணெதிரே தெரிந்த பிறகும் அதன் சாயலையே தேர்ந்தெடுத்தார்கள்.

எலும்பைச் சுருக்கியவர்களுக்கு உள்ளிருக்கும் சதையைச் சுருக்கத் தெரியவில்லை. வீட்டில் பாதியை இடித்துவிட்டுச் சாமான்கள் அத்தனையையும் மிச்ச அறையில் அடைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இந்த நாயின் தொண்டை. நாக்கு பெரிது. வாயின் மேற்கூரையில் பின்பக்கம் தொங்கும் மென்னண்ணம் தடித்து நீண்டு குரல்வளை வாசலில் விழுகிறது. மூக்குக்குள் சுருண்டிருக்கும் எலும்புமடிப்புகளுக்கு இடம் இல்லை. நாசித் துளை கீறல் போல ஒடுங்கிவிட்டது. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் ஓயாமல் உழைத்து அந்தப் பாதையைத் திறந்து பிடிக்கின்றன. தூங்கும்போது?

அந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். மனிதர்களுக்கு வரும் தூக்க மூச்சடைப்பு நோய் மருத்துவ உலகின் பெரிய பேச்சாக இருந்த காலம் அது. அந்த நோய்க்கு மூக்கில் காற்றழுத்தம் செலுத்தும் முகமூடிக் கருவியை 1981இல் உலகுக்கு அறிவித்த ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு டொரான்டோவில் தூங்கும் நாய்களின் மூச்சை ஆராய்ந்தவர்தான். ஆனால் அந்த நோயை இயற்கையாகவே கொண்ட விலங்கு எது என்று தேடிய பென்சில்வேனியாக்காரர்களின் கண்ணில் புல்டாக் பட்டது. கால்நடை மருத்துவர் ஜோன் ஹென்ட்ரிக்ஸ், தூக்க ஆய்வாளர்கள் ஆலன் பேக், ஏட்ரியன் மோரிசன் ஆகியோர் அடங்கிய குழு, புல்டாக்குகளைத் தூங்கவிட்டு நெஞ்சின் அசைவையும் வயிற்றின் அசைவையும் ரத்தத்தின் ஆக்சிஜனையும் அளந்து 1987இல் முடிவை வெளியிட்டது.

கொரோனா காலத்தில் விரல் நுனியில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்த எவருக்கும் 90 என்ற எண் மறக்காது. அதற்குக் கீழே இறங்கினால் ஆம்புலன்ஸைத் தேடி ஓடினோம். கனவு வரும் ரெம் தூக்கத்தில், ஆராய்ந்த அத்தனை புல்டாக்குக்கும் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் இறங்கியது. ஒப்பிடுவதற்காக வைத்திருந்த மற்ற நாய்களுக்கு ரெம் தூக்கத்தில் ஒருமுறைகூட அப்படி இறங்கவில்லை. ரெம் தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்துவிடும் என்பதே காரணம். சாதாரண நாய்க்கு அதனால் நட்டமில்லை. தசை பிடித்து நிறுத்தினால் மட்டுமே திறந்திருக்கும் தொண்டைக்கு அது வாசலை இழுத்துச் சாத்தியது போல.

இன்னொரு அளவு அதைவிட மனத்தை உறுத்துகிறது. பகலில் தூங்கவிட்டால் எவ்வளவு நேரத்தில் தூக்கம் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். மற்ற நாய்களுக்குச் சராசரியாக 150 நிமிடத்துக்கு மேல் ஆனது. புல்டாக்குகளுக்கு 12 நிமிடம்கூட ஆகவில்லை. எத்தனையோ வீடுகளில் சாதுவான நாய், சோம்பேறி நாய், சோபாவை விட்டு நகராத நாய் என்று செல்லமாகச் சொல்லப்பட்ட குணம், இரவெல்லாம் தூக்கம் இழந்த ஒரு உயிரின் அசதியாக இருந்திருக்கிறது. நூறாண்டுக்கு மேலாகக் கண்காட்சி மேடையில் இந்த நாயைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தவர்கள், பார்த்ததெல்லாம் விழித்து நிற்கும் நாயை.

ஆராய்ச்சி தொடர்ந்தது. தொண்டையைத் திறந்து பிடிக்கும் தசையைப் பரிசோதித்து, அதில் ஓயாத உழைப்பால் வந்த காயமும் தழும்பும் இருப்பதை 1994இல் காட்டினார்கள். வாந்திக்காக மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒண்டான்செட்ரான், புல்டாக்குகளின் ரெம் தூக்க மூச்சடைப்பைக் குறைப்பதாக சிக்ரிட் வீசி குழு 2001இல் எழுதியது. மனிதர்களிடம் சோதித்தபோது அது கைகொடுக்கவில்லை. மனிதனின் தூக்கத்தைப் புரிந்துகொள்ள இந்த நாய் இத்தனை உதவியது. அதன் சொந்த இரவு அப்படியே இருந்தது.

இருந்தது மட்டுமல்ல, பரவியது. 19ஆம் நூற்றாண்டில் நாட்டிங்ஹாம் லேஸ் தொழிலாளர்கள் பிழைப்புக்காக பிரான்சுக்குக் கொண்டுபோன குட்டி புல்டாக்குகளின் வழிவந்த பிரெஞ்ச் புல்டாக், 2022இல் அமெரிக்க நாய்ப் பதிவேட்டில் முதலிடம் பிடித்தது. 31 ஆண்டுகள் அங்கே இருந்த லாப்ரடார் கீழே இறங்கியது. இந்தியாவில் 2003இல் ஒரு கைபேசி நிறுவன விளம்பரத்தில் சிறுவன் பின்னால் நடந்துபோன பக் நாய் ஊர் ஊராக ஆசையைக் கிளப்பியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று நீண்ட முகமுள்ள நாய்களை வளர்த்த நம் ஊரிலும் தட்டை முகம் அழகானது. நாய்க்கு வேர்த்துக் குளிர வழியில்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூச்சுப் பாதையே ஒடுங்கிப்போன நாய்க்கு சென்னையின் மே மாதம் என்ன என்பதைக் கால்நடை மருத்துவரின் வாசலில் காத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

வளர்ப்பவர்களுக்கு அன்பில் குறை இல்லை. லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரோவீனா பேக்கர் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுத் தொல்லை உறுதியான நாய்களின் சொந்தக்காரர்களில் 58 சதவீதம் பேர் தங்கள் நாய்க்கு மூச்சுப் பிரச்சினை எதுவும் இல்லை என்றே சொன்னார்கள். குறட்டை அந்த இனத்தின் இயல்பு என்று நினைத்துவிட்டார்கள். மூக்குத் துளையை அகலப்படுத்தவும், நீண்ட மென்னண்ணத்தை வெட்டிக் குறைக்கவும் அறுவை சிகிச்சை உண்டு. இளவயதில் செய்தால் பலன் கூடுதல். அதற்கு முதலில் அந்தச் சத்தம் நோய் என்று தெரிய வேண்டும்.

இப்படிப்பட்ட இன நாய்களின் உடல்நலக் கேடு பற்றி 2008இல் பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம் பிரிட்டனை உலுக்கியது; கென்னல் கிளப் இன இலக்கணங்களைத் திருத்தியது. 2012 கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இனத்தில் முதலாக வந்த புல்டாக், மருத்துவர் பரிசோதனையில் தேறாமல் மேற்கொண்டு போட்டியிட முடியாமல் போனது. நெதர்லாந்து 2019இல், மூக்குத்தண்டு மண்டையோட்டு நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவான நாய்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வரையறுத்தது.

அதே 2019இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கென்னல் கிளப்பும் சேர்ந்து மூச்சுத் தரப் பரிசோதனை ஒன்றைக் கொண்டுவந்தன. மருத்துவர் முதலில் நாயின் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார். பிறகு நாயைத் துள்ளுநடையாக ஓட்டுவார்கள். நிற்கவைத்து மீண்டும் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் போடுவார். 3 வாங்கிய நாயைக் குட்டிபோட வைக்கக் கூடாது. கிங் ஆரியும் டாக்லீஃபும் நடக்க வேண்டியிருந்தது 20 மைல். இந்த ஓட்டத்துக்கு வைத்திருக்கும் நேரம் மூன்று நிமிடம்.