இடறலும் தடையும்: விவிலியத் தமிழில் ஒரு பொருள் வேறுபாடு

தடை என்னும் பொருட்புலத்தில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கையாளும் மூன்று சொற்கள் மொழிபெயர்ப்பு நோக்கில் ஆராயத்தக்கன. ‘ஸ்கந்தலோன்’ தொடக்கத்தில் பொறியில் இரை கோக்கும் குச்சியைக் குறித்துப் பின்னர் ஒருவனை வீழ்த்தும் ஏதுவிற்கு ஆயிற்று. ‘ப்ரோஸ்கொம்மா’ காலில் மோதுவது. ‘எங்கொப்பே’ வெட்டுதற் பொருளுடைய வினையடியாகப் பிறந்து, முன்செல்லவொட்டாத தடையைச் சுட்டுவது.

1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம் 1 கொரிந்தியர் 1:23இல் ஸ்கந்தலோனுக்கும் உரோமர் 14:13இல் ப்ரோஸ்கொம்மாவுக்கும் ஒரே சொல்லை ஆள்கிறது. எனவே ஆங்கிலத்தை மட்டும் நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

தமிழில் புதிய ஏற்பாடு 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அதனைப் பெயர்த்தவர் சீகன்பால்கு. பின்வந்த திருத்தங்களுள் ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் 1871ஆம் ஆண்டுப் பதிப்பு குறிப்பிடத்தக்கது. அது உரோமர் 14:13இல் ப்ரோஸ்கொம்மாவைத் ‘தடுக்கல்’ எனவும் ஸ்கந்தலோனை ‘இடறல்’ எனவும், 1 கொரிந்தியர் 9:12இல் எங்கொப்பேயைத் ‘தடை’ எனவும் பெயர்த்தது. பொறியின் உருவகம் மறைந்தபோதிலும் மூன்றன் வேறுபாடும் காக்கப்பட்டது.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் 1 கொரிந்தியர் 1:23இல், முன்பு ‘இடறல்’ நின்ற இடத்தில் ‘தடைக்கல்’ என்கிறது. இக்கால வாசகர்க்கு இது எளிய சொல்லே. ஆயினும் தடையுற்றவன் நின்றுவிடுகிறான், இடறியவன் விழுகிறான். ஸ்கந்தலோன் பின்னதைச் சார்ந்தது. இடையூறு குறித்த எச்சொல்லைப் பெயர்க்குமுன்னும், அது வழியை மறிப்பதா, நடப்பவனை வீழ்த்துவதா என மொழிபெயர்ப்பாளர் தெளிதல் வேண்டும்.