பஞ்சுக் கழிவில் பிறந்த மோட்டார் வண்டி

பஞ்சாலையில் நீண்ட இழைகள் நூலாகிவிடும். குட்டை இழைகள் கழிவாக ஒதுக்கப்படும். அக்கழிவைக் கொண்டு ஒரு நாட்டார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மோட்டார் வண்டி செய்து வந்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜெர்மனி இரு கூறாகப் பிரிந்தது. உருக்காலைகள் மலிந்த ரூர் பிரதேசம் மேற்கு ஜெர்மனியின் பங்காயிற்று. கிழக்குப் பகுதியில் அடங்கிய ஸ்விக்காவ் நகரமோ 1904 முதலே மோட்டார் உற்பத்திக்குப் பெயர் பெற்றது. கைதேர்ந்த தொழிலாளர் அங்கு இருந்தனர். வண்டியின் மேற்கூடு செய்யத் தகடு இல்லை. மேல்நாடுகளின் வர்த்தகத் தடையால் அதனை வெளியே வாங்குவதும் அரிதாயிற்று.

சோவியத் நாட்டிலிருந்து பஞ்சுக் கழிவு வந்தது. பினால் பிசின் உள்நாட்டிலேயே கிடைத்தது. பஞ்சை மெத்தைபோல் பரப்பி, பிசின் தூளைச் சேர்த்து, சூடான அச்சுகளுக்கிடையே பேரழுத்தத்தில் வைத்தால் அது கதவாக இறுகி வெளிவரும். இதற்கு டூரோபிளாஸ்ட் என்று பெயர். இத்தகடுகளை உருக்குச் சட்டத்தின்மேல் பொருத்தி, 1957 நவம்பரில் டிராபாண்ட் வண்டியை வெளியிட்டனர். அப்பெயருக்குத் துணைக்கோள் என்று பொருள். ஸ்புட்னிக் விண்ணேறியதும் அவ்வாண்டே.

கருத்து முற்றிலும் புதியதன்று. 1907-இல் பேக்லண்டு கண்ட பேக்லைட்டிலும் மரத்தூள் சேர்ப்பதுண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இவற்றைக் 'கலவை' என்பதினும் 'கூட்டு' என்பதே தகும் என்பேன். அடுக்களைக் கூட்டில் பருப்பு குழைந்து பற்றிக்கொள்ளும். காய் உருக்குலையாமல் நிற்கும். இங்கே பிசின்தான் பருப்பு, பஞ்சுதான் காய்.

அவ்வண்டியை 'அட்டைப் பெட்டி' என்று நகைத்தோர் பலர். அது நியாயமன்று. அத்தகடு துருப்பிடிக்காதது, கனமற்றது. குறை வேறிடத்தில் இருந்தது. உருக்குத் தகட்டை வளைக்கச் சில நொடிகள் போதும். பிசின் இறுகவோ நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதிவு செய்த குடும்பங்கள் வண்டிக்காகப் பத்தாண்டுக்கு மேலும் காத்திருந்தன. அதற்கு இத்தாமதம் மட்டுமே காரணமன்று.

1989-இல் பெர்லின் சுவர் திறந்தது. மேற்கத்திய வண்டிகள் வந்தன. அத்தனை காலம் காத்திருந்து பெற்றதை மக்கள் தெருவோரம் விட்டுச் சென்றனர். 1991 ஏப்ரலில் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 30 லட்சம் வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. அவற்றை என் செய்வது? ஒருமுறை இறுகிய பினால் பிசின் மீண்டும் உருகாது. எரித்தால் நச்சுப்புகை எழும். தகடுகளை நொறுக்கிச் சிமெண்டுடன் சேர்த்துப் பார்த்தனர்.

இன்று சணலையும் தென்னை நாரையும் பயன்படுத்துவோர் பெரிதும் நாடுவது, சூட்டில் உருகும் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் கழிவுகளை. நார் கருகாதிருக்க வெப்பம் ஏறக்குறைய 200 பாகைக்குள் நிற்க வேண்டும். நார் நீரை விரும்பும், பிளாஸ்டிக் வெறுக்கும். இரண்டையும் இணைக்க மூன்றாம் பொருள் ஒன்று வேண்டும். பழைய பலகையை மீண்டும் உருக்கலாம். ஆயினும் ஒவ்வொரு முறையும் நார் மேலும் குட்டையாகி வலுவிழக்கும்.