பஞ்சாரமும் குண்டு பல்பும்: கோழிக்குஞ்சு வளர்ப்பின் கதை

கரிசல் காட்டில் கோழி என்பது பெண்களின் கைக்காசு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் மழை பொய்த்தால் பருத்தியும் போகும், கம்பும் போகும். அந்த வருஷம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் சந்தைச் செலவுக்கும் கைகொடுப்பது வீட்டுக் கோழிதான். ஆகவே பொரித்த பத்துக் குஞ்சில் எத்தனை தேறும் என்பது அங்கே சின்ன விஷயம் அல்ல.

பழைய முறை எளிமையானது. மணல் பரப்பிய கூடையில் முட்டைகளை அடைவைப்பார்கள். 21-ஆம் நாள் குஞ்சு பொரியும். பிறகு தாயும் குஞ்சுகளும் முற்றத்தில் பஞ்சாரத்துக்குள் போய்விடும். பஞ்சாரம் என்றால் கவிழ்த்துப் போடும், கண் விட்டுப் பின்னிய பெரிய கூடை. காற்று உள்ளே வரும்; பருந்தும் காக்கையும் வராது. சூட்டுக்குத் தாயின் சிறகு இருக்கிறது. தீனிக்குக் குருணை, கம்பு. கூடவே ஒரு தந்திரம் உண்டு. பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் போட்டு, தண்ணீர் தெளித்து, ராத்திரி தரையில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு அது காசில்லாத புரதம்!

தாயில்லாமல் குஞ்சு வளர்க்கும் யோசனை எப்படி வந்தது? முட்டையைச் சூட்டு அறையில் பொரிக்கும் வித்தை எகிப்தில் மிகப் பழையது. அமெரிக்காவில் 1879-ல் பெட்டலூமா ஊரில் லைமன் பைஸ் என்பவர் அடைகாக்கும் இயந்திரம் செய்தார். தமிழ்நாட்டுக்குத் தெற்கு வாசல் மார்த்தாண்டம் எனலாம். அங்கே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் 1924-ல் தொடங்கிய ஊரக மையம், நல்ல இனக் கோழிகளையும் கூட்டுறவு முட்டை விற்பனையையும் பரப்பியது. அப்படிப் பரவிய சீமை இனங்களில் முக்கியமானது வெள்ளை லெகார்ன். நிறைய முட்டையிடும், ஆனால் அடையில் உட்காராது. மனிதன் முட்டைக்காகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து அந்தக் குணத்தையே போக்கிவிட்டான். அதனால் சிறகுக்குப் பதில் விளக்கு தேவைப்பட்டது.

1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்த பிறகு நெல்லைச் சீமையில் மின்சாரம் பரவத் தொடங்கியது. மண்ணெண்ணெய் விளக்கின் இடத்தைக் குண்டு பல்பு மெல்லப் பிடித்தது. தகரத்தையோ அட்டையையோ வட்டமாக வளைத்து, உமி பரப்பி, நடுவில் பல்பைத் தொங்கவிட்டால் அதுதான் புரூடர். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பின்பு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும்: பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு. (எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் உண்டு, சூடு போதாது!) கோவில்பட்டிச் சித்திரை வெயிலில் வெளியே வைத்த புரூடருக்குப் பகலில் பல்பே வேண்டாம், நிழல்தான் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. கரிசல் மண் ஈரத்தை விடாது. உமி நனைந்தால் ரத்தக்கழிச்சல் வந்துவிடும்.

ஆனால் ஊர்க்கோழிகளைக் கூட்டமாகக் கொன்றது குளிரல்ல, வெள்ளைக்கழிச்சல். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தென்பட்ட அதே நோய், சிறிது காலத்தில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேட்டில் கண்டறியப்பட்டு இந்தியாவில் அந்த ஊர்ப் பெயரையே பெற்றது. முக்தேஸ்வர் ஆய்வகம் 1940-களில் தடுப்பூசி உருவாக்கியது. அது வளர்ந்த கோழிக்குச் சரி, பச்சைக் குஞ்சு தாங்காது. குஞ்சுகளுக்கென வீரியம் குறைந்த மருந்து பின்னால் வந்தது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

அந்த ஒரு சொட்டு கிடைப்பதில்தான் சிக்கல். மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும், கலக்கினால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் இலவச முகாம் அந்த மாதக் கோழிகளுக்கு உதவும். ஆடியில் பொரித்த குஞ்சு அதுவரை காத்திருக்க முடியாது. கடையிலோ 100, 200 கோழிகளுக்கான குப்பியாகத்தான் விற்கிறார்கள். பத்துக் குஞ்சு வைத்திருப்பவருக்கு, தெருவே ஒன்றுசேர்ந்து ஒரே நாளில் போட்டால்தான் அது கட்டுப்படியாகும்.