பயிருக்கான நிதியும் ஆய்வாளருக்கான நல்கையும்: இந்திய வேளாண் அறிவியலில் இளம் ஆய்வாளர் நிலை (1912–1975)

முன்னுரை

வேளாண் ஆராய்ச்சிக்கு வழங்கப்படும் பணத்தை இருவகையாகப் பகுக்கலாம். குறிப்பிட்ட ஒரு பயிரை மேம்படுத்துவதற்கு வழங்கப்படுவது ஒருவகை. ஓர் இளம் ஆய்வாளர் தம் துறையைக் கற்றுத் தேர்வதற்கு அவர் பெயரிலேயே வழங்கப்படுவது மற்றொரு வகை. முன்னதைப் பயிர்நிதி என்றும் பின்னதை ஆள்நல்கை என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. இருபதாம் நூற்றாண்டு இந்திய வேளாண் அறிவியலின் பெரும் சாதனைகளில் இவ்விரண்டுக்கும் பங்குண்டு. ஆயினும் நல்கை முடிந்து திரும்பும் ஆய்வாளரை ஏற்கும் நிலையான பணி நெடுங்காலம் முறைப்படுத்தப்படவில்லை. கோயம்புத்தூரோடு தொடர்புடைய மூன்று அறிவியலாளரின் தொடக்கக்காலப் பணிவாழ்வைக் கொண்டு இக்கட்டுரை அக்குறையை ஆராய்கிறது.

பயிர்நிதியின் பயன்

கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கப்பட்டது. வட இந்தியாவே கரும்புச் சாகுபடியின் பெரும்பகுதியைக் கொண்டிருந்தும் நிலையம் தெற்கே அமைந்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. வட இந்தியத் தட்பவெப்பத்தில் கரும்பு எளிதில் பூத்து விதை பிடிப்பதில்லை, கோயம்புத்தூரில் பூக்கும். பூவின்றிக் கலப்பினம் உருவாக்க இயலாது. நிலையத்தின் முதல் தலைவரான சி. ஏ. பார்பரும் அவருடைய உதவியாளராகச் சேர்ந்த தி. சா. வெங்கட்ராமனும் இனிப்பு மிகுந்த பயிர்க்கரும்பைக் காட்டு நாணலோடு கலந்தனர். இம்முயற்சியில் பிறந்த கோ 205 என்னும் வகை 1918இல் பயிரிட வெளியிடப்பட்டது. பார்பருக்குப் பின் வெங்கட்ராமன் பொறுப்பேற்றார். அவர் காலத்தில் உருவான ‘கோ’ வகைகள் இந்தியாவிலும் பிற நாடுகள் பலவற்றிலும் பரவின.

பயிர்நிதியின் வலிமையை இந்நிகழ்வு காட்டுகிறது. நோக்கம் தெளிவாக இருந்தது. நிலமும் ஊதியமும் உறுதியாக இருந்தன. இளம் உதவியாளர் ஒருவர் ஒரே பயிரோடு பல்லாண்டுகள் வாழ்ந்து அதன் இயல்பை முழுமையாக அறிய முடிந்தது. பிற்கால நிதியமைப்புகளும் பயிர்நிதியின் வழியையே பெரிதும் பின்பற்றின. லின்லித்கோ தலைமையிலான அரச வேளாண் ஆணையம் 1928இல் அறிக்கை அளித்தது. அதன் பரிந்துரைப்படி 1929இல் இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. பின்னர் அதுவே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் பெற்றது. மாகாண வேளாண் துறைகள் முன்வைத்த திட்டங்களுக்குக் குறிப்பிட்ட காலத்திற்கு நிதி வழங்குவது அக்கழகத்தின் முதன்மையான செயல்முறையாக இருந்தது.

இம்முறையின் வரம்பும் இங்கேயே தோன்றுகிறது. திட்டத்தின் காலமே அதில் பணிபுரியும் இளம் ஆய்வாளரின் பணிக்காலமாகவும் அமைந்தது. அவர் எந்த வினாவை எழுப்பலாம் என்பதைப் பயிரே முடிவு செய்தது. அடிப்படை மரபியலும் உயிரணுவியலும் கற்க விரும்பியவர் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

ஆள்நல்கையின் பயன்

அவ்வழியில் முன்சென்றவர்களுள் ஒருவர் தலச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்ற அவர் மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். கரும்பு ஆய்வாளர் பார்பருக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆசிய நாட்டுப் பெண்களின் உயர்கல்விக்காக லீவை பார்பர் என்னும் அமெரிக்க வழக்கறிஞர் 1917இல் நிறுவிய அறக்கொடை இது. பயன்பெறுவோர் எந்தப் பயிரை ஆராய வேண்டும் என அது விதிக்கவில்லை.

ஜானகி அம்மாள் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்தது கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த நிக்காண்ட்ரா என்னும் செடியின் குரோமோசோம்களை. வேளாண் வருவாய்க்கு உதவாத செடி அது. அதனை ஆராயப் பயிர்நிதி எதுவும் முன்வந்திருக்காது. ஆயினும் அச்செடியில் பயின்ற உயிரணுவியல் முறையே 1934இல் அவரைக் கோயம்புத்தூர் நிலையத்திற்குக் கொண்டுவந்தது. கரும்பையும் நாணலையும் அவற்றுக்கு உறவான புல்லினங்களையும் கலக்கும்போது குரோமோசோம்கள் எவ்வாறு இணைகின்றன, எவ்வளவு எஞ்சுகின்றன என்பன அன்றைய கரும்பு ஆய்வின் மையமான வினாக்கள். கரும்பைச் சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றோடு கலந்த ஆய்வுகளில் அவர் ஈடுபட்டார். இங்கிலாந்து சென்ற பின், சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பேட்டை 1945இல் வெளியிட்டார்.

பயிர்நிதி ஒரு பயிரில் வல்லவரை உருவாக்குகிறது. ஆள்நல்கையோ ஒரு முறையில் வல்லவரை உருவாக்குகிறது. அம்முறை பின்னர் எப்பயிருக்கும் பயன்படும். இவ்வேறுபாட்டை ஜானகி அம்மாளின் பணிவாழ்வு உணர்த்துகிறது.

நல்கைக்கும் பணிக்கும் இடைப்பட்ட காலம்

கும்பகோணத்தில் 1925இல் பிறந்த மா. சா. சுவாமிநாதன் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் 1947இல் பட்டம் பெற்று, தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் மேற்படிப்பை முடித்தார். ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு வாய்ப்புகள் அவருக்குக் கிடைத்தன. ஒன்று, இந்தியக் காவல் பணி. அது வாழ்நாள் முழுதும் நிலைக்கக்கூடியது. மற்றொன்று, நெதர்லாந்தின் வாகனிங்கனில் மரபியல் ஆய்வு செய்ய யுனெஸ்கோ அளித்த உதவித்தொகை. அது குறுகிய காலத்திற்கே உரியது. அவர் உதவித்தொகையைத் தேர்ந்தார். வாகனிங்கனில் தொடங்கிய உருளைக்கிழங்கு ஆய்வைக் கேம்பிரிட்ஜில் தொடர்ந்து 1952இல் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அங்கே நிலையான பதவி கிடைக்கும் நிலையிலும் அதனை ஏற்காது 1954இல் தாயகம் திரும்பினார்.

திரும்பியவரை ஏற்க இங்கே தகுந்த பணியிடம் ஆயத்தமாக இல்லை. கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சில மாதங்கள் தற்காலிகப் பணியே கிடைத்தது. இண்டிகா, ஜப்பானிகா நெல்வகைகளைக் கலக்கும் திட்டத்தில் அவர் அங்கே பணிபுரிந்தார். அவ்வாண்டின் அக்டோபரில்தான் தில்லி நிறுவனத்தில் இடம் கிடைத்தது. அங்கிருந்தே கோதுமை ஆய்வு வளர்ந்தது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக்கோதுமை விதை இறக்குமதி செய்யப்பட்டபோது அதன் பின்புலத்தில் அவருடைய குழுவின் உழைப்பு இருந்தது.

உருளைக்கிழங்கில் கற்ற மரபியல் நெல்லுக்கும் கோதுமைக்கும் பயன்பட்டது ஆள்நல்கையின் வெற்றி. அவர் திரும்பிய ஆண்டில் பணியின்றி நின்ற மாதங்களோ அம்முறையின் குறை. வெளிநாட்டு அமைப்பு பயிற்சிக்குப் பணம் கொடுத்தது. உள்நாட்டு அமைப்பு பயிருக்குப் பணம் கொடுத்தது. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு எவரிடமும் இல்லை. தற்செயலாகக் கிடைத்த பணியிடமே இணைப்பாயிற்று. அவ்வாறு இடம் கிடைக்காத பிறர் துறையை விட்டோ நாட்டை விட்டோ செல்ல நேரும் என்பது வெளிப்படை.

பணியமைப்பில் சீர்திருத்தம்

தில்லி நிறுவனத்தின் அறிவியலாளர் ஒருவர் 1972இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அத்துயரம் நாடாளுமன்றம்வரை எதிரொலித்தது. முன்னாள் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் அமைந்த குழு, கழகத்தின் பணித்தேர்வு முறையையும் பணியாளர் கொள்கையையும் ஆராய்ந்தது. 1973இல் வேளாண் அறிவியலாளர் தேர்வு வாரியமும் 1975இல் வேளாண் ஆராய்ச்சிப் பணியும் தோன்றின. சுவாமிநாதன் அப்போது கழகத்தின் தலைமை இயக்குநர்.

இப்பணியமைப்பு கொண்டுவந்த மாற்றம் அடிப்படையானது. அதற்குமுன் மேல்நிலைப் பதவி காலியானால்தான் உயர்வு கிடைக்கும். புதிய முறையில் அறிவியலாளரின் பணி ஐந்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பிடப்பட்டது; தகுதியுடையவர் காலியிடம் இல்லாவிடினும் உயர்வு பெறலாம். இளம் பட்டதாரிகள் பொதுப் போட்டித்தேர்வின் வழியே நுழைந்தனர். உதவித்தொகைகள் தனியொருவரின் திறனைச் சில ஆண்டுகளுக்கு மதித்த முறையைப் பணியமைப்பு முழுப் பணிக்காலத்திற்கும் விரித்தது எனலாம்.

முடிவுரை

பயிர்நிதி இன்றிக் கோ கரும்பு இல்லை. ஆள்நல்கை இன்றி ஜானகி அம்மாளின் உயிரணுவியலும் சுவாமிநாதனின் மரபியலும் இல்லை. இரண்டையும் இணைத்தது பணியிடமே. 1975ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இதனை உணர்ந்ததாயினும் தேர்வில் வென்று பணியில் நுழைந்தவர்களுக்கே அது பாதுகாப்பளித்தது. திட்டங்களின் கீழ் இளநிலை, முதுநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று வயலிலும் ஆய்வகத்திலும் உழைப்போர் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். திட்டம் முடியும் நாளில் அவர்தம் ஊதியமும் முடிவது இன்றும் தொடர்கிறது. ஒரு பயிர்வகையை உருவாக்கி வெளியிடப் பத்தாண்டுகள்கூட ஆகலாம். திட்ட நிதியோ பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. விதைத்த கலப்பினத்தின் விளைவைக் காணுமுன்னரே விதைத்தவர் வெளியேறும் இந்நிலையைக் கணக்கிற்கொண்டே வேளாண் ஆய்வுநிதிக் கொள்கைகள் மதிப்பிடப்பட வேண்டும்.