உராய்வு: பகையும் நட்பும்

பழுதுற்ற இடுப்பு மூட்டுக்குப் பதிலாகச் சத்திரவைத்தியர் பொருத்தும் செயற்கை மூட்டுக்கு இரு முகங்கள் உண்டு. ஒரு முகம் தன் இணையுறுப்பின்மேல் இடையறாது வழுக்குதல் வேண்டும். மறுமுகம் என்பைப் பற்றி அசையாது நிற்றல் வேண்டும். முன்னதற்கு உராய்வு பகை, பின்னதற்கு நட்பு. இவ்வேறுபாட்டை வைத்திய உலகம் தெளிவுற உணர்தற்கு ஏறத்தாழ நூறாண்டு சென்றது.

1890 ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில் தெமிஸ்தோக்கிளிஸ் குளுக் என்னும் வைத்தியர் யானைத்தந்தத்தாலான முழங்கால் மூட்டைப் பொருத்தினார். அதனை என்பிலே நிலைநிறுத்தச் சாந்து, பிசின், நுரைக்கற்றூள் ஆகியவற்றின் கலவையையும் கையாண்டார். எனினும், அவருடைய நோயாளர் சயரோகத்தால் மூட்டழிந்தவராதலின், கிருமிகளின் தாக்கத்தால் அம்முயற்சி நிலைக்கவில்லை.

1946 இலே பாரிஸ் நகரிற் யூடே சகோதரர் அக்கிறிலிக்குப் பந்துகளைத் தொடையென்பின் தலைக்குப் பதிலாக அமைத்தனர். அவற்றுட் சில, நடக்குந்தோறும் கிறீச்சிட்டன. அத்தகைய நோயாளர் ஒருவரின் மனைவியால் அவ்வோசையைச் சகிக்க முடியவில்லையாம். இச்செய்தி இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் சாண்லியின் சிந்தனையைத் தூண்டியது. ஓசை உராய்வின் அறிகுறி. பந்து குழியிற் சிக்கித் திருகும்போது அத்திருகல் தண்டின்வழி என்பைச் சென்றடைந்து, பொருத்திய உறுப்பைத் தளர்த்தும் என அவர் கண்டார். ஒரு முகத்தின் பகை மறுமுகத்தையும் கெடுத்தது.

ஆதலால் அவர் பந்தின் விட்டத்தை ஏறக்குறைய 22 மில்லிமீற்றராகச் சிறுப்பித்தார். குழியை 1958 அளவிலே தெபிளனால் அமைத்தார். அது நன்கு வழுக்கியது. ஆயினும் சில ஆண்டுகளிலே தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியுள்ள தசையைப் புண்படுத்தின. 1962 நவம்பரில் செறிவு மிக்க பொலித்தீனை அவர் கையாண்ட பின்னரே வெற்றி நிலைத்தது. தண்டை என்பில் நிறுத்த அவர் இட்ட அக்கிறிலிக்குச் சீமெந்து பசையன்று; கற்களின் இடைவெளியை நிரப்பும் சாந்தினை ஒத்தது.

ஆயினும், நெடுநாள் உழைக்கும் இளையோரின் மூட்டுக்களிற் சீமெந்து வெடித்துத் தளர்வதுண்டு. என்பையே நேரே உலோகத்தைப் பற்றச் செய்தலாகாதா என்னும் வினா எழுந்தது. சுவீடனிலே பிரேனமார்க், முயலின் என்பில் வைத்த தைத்தேனியக் கருவியைக் கழற்ற முயன்றபோது, என்பு அதனோடு இறுகப் பிணைந்திருந்ததை 1950களிற் கண்டிருந்தார். அடுத்த தலைமுறையினர் உலோகத்தின் மேற்பரப்பிலே நுண்டுளைகளை ஆக்கினர். 0.05 முதல் 0.4 மில்லிமீற்றர் வரையான துளைகளுள் என்பு விரைந்து புகுந்து வளருமென 1980 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

ஆனால் வளர்ச்சி ஒரே நாளில் நிகழ்வதன்று. அதற்கு வாரங்கள் வேண்டும். அதுவரை உலோகத்தைக் காப்பது யாது? இறுக அடித்துச் செருகிய உலோகத்திற்கும் என்பிற்கும் இடையிலுள்ள உராய்வே. கனடாவிலே பில்லியாரும் துணைவரும் 1986 இல் இதன் எல்லையைக் காட்டினர். அசைவு 0.03 மில்லிமீற்றரளவில் இருப்பின் துளைகளில் என்பு வளரும், 0.15 மில்லிமீற்றரைக் கடந்தால் மென்மையான நார்த்திசுவே படரும், பிடிப்பும் தளரும். 1990களில் வந்த நுண்டுளைத் தந்தாலம், முக்காற்பங்குக்கு மேல் வெற்றிடமுடையதாய்ப் பஞ்சென்பை ஒத்திருப்பதால், மழமழப்பான உலோகத்தினும் மிகுந்த உராய்வுடன் என்பைப் பற்றுகிறது.

எனினும் நட்பிற்கும் அளவுண்டு. மேற்பரப்பு மிகக் கரடாயின் உறுப்பு முற்றாக இறங்குமுன்னே சிக்கிவிடும். மேலும் அடிப்பின் என்பு பிளக்கவும் கூடும். உராய்வைக் குறைப்பதே திறமையெனத் தொடங்கிய கலை, அதனை எங்கே குறைப்பது, எங்கே வளர்ப்பது, எவ்வளவில் நிறுத்துவது என அறிந்த பின்னரே முடவரை நடக்கச் செய்தது.