மாணவர் பேரவைத் தேர்தலில் ஆசிரியரின் இடம்: லிங்டோ குழுவும் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகமும்

மாணவர்தம் தன்னாட்சி அமைப்பில் ஆசிரியர் வகிக்க வேண்டிய இடம் ஆலோசகரின் இடமா, நடுவரின் இடமா என்னும் வினா பழமையானது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1815இல் தொடங்கிய விவாத மன்றத்தைப் பல்கலைக்கழக அதிகாரிகள் 1817இல் மூடினர். 1821இல் அது மீண்டும் இயங்க இசைவளித்தபோது, நடப்பு அரசியலைத் தொடலாகாது என்று நிபந்தனை விதித்தனர். இந்தியாவில் இவ்வினாவுக்கு விடை நீதிமன்ற ஆணையின் வடிவில் வந்தது. அவ்விடையை ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக நிகழ்வுகளின் வழி மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கின் தோற்றம்

தொடக்கம் கேரளத்தில் நிகழ்ந்தது. கல்லூரிப் பேரவை நிர்வாகிகளை மாணவர் அனைவரும் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, வகுப்புப் பிரதிநிதிகள் கூடித் தேர்ந்தெடுப்பதா என்பதை முடிவுசெய்யும் உரிமை பல்கலைக்கழகத்திற்கா, கல்லூரிக்கா என்பதே கேரளப் பல்கலைக்கழகத்திற்கும் கல்லூரி முதல்வர்கள் மன்றத்திற்கும் இடையே எழுந்த வழக்கு. உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது அதன் எல்லை நாடு முழுவதற்குமாக விரிந்தது. 2005 டிசம்பர் 2ஆம் நாள் ஆணைப்படி மனிதவள மேம்பாட்டு அமைச்சகம், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் குழு அமைத்தது. சோயா ஹசன், பிரதாப் பானு மேத்தா முதலியோர் அதில் உறுப்பினர். அறிக்கை 2006 மே 26இல் அளிக்கப்பட்டது. செப்டம்பர் 22இல் நீதிமன்றம் அதனைச் செயற்படுத்த ஆணையிட்டது.

இவ்விரு நாள்களுக்கும் இடையே உஜ்ஜயினில் நடந்ததை மறத்தலாகாது. 2006 ஆகஸ்டு 26இல் மாதவ் கல்லூரியில் மாணவர் பேரவைத் தேர்தலை ஒட்டி எழுந்த கலவரத்தில் தாக்கப்பட்ட பேராசிரியர் எச்.எஸ். சபர்வால் உயிரிழந்தார். குற்றஞ்சாட்டப்பட்டோர் அனைவரையும் நாக்பூர் நீதிமன்றம் 2009இல் விடுவித்தது. தேர்தல் பூசலின் நடுவே நிற்கும் ஆசிரியருக்கு நேரக்கூடிய இடர் எத்தகையது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை. பரிந்துரைகளை எதிர்ப்போர் இந்நிகழ்வைக் கடந்து செல்வது நேர்மையாகாது.

பரிந்துரைகளின் இருமுகம்

அறிக்கையின் ஒரு பகுதி செலவையும் ஆரவாரத்தையும் கட்டுப்படுத்துவது. வேட்பாளர் ஒருவர் ரூ. 5,000க்கு மேல் செலவிடலாகாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே ஒட்டப்பட வேண்டும். வேட்புமனு முதல் முடிவு அறிவிப்பு வரை பத்து நாள்களுக்குள் நிறைவுற வேண்டும். முடிவு வெளியான இரு வாரங்களுக்குள் கணக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். இவற்றை மறுப்பதற்குத் தக்க காரணம் இல்லை.

மற்றொரு பகுதி, யார் போட்டியிடலாம், யார் தீர்ப்பளிக்கலாம் என்பன பற்றியது. இளநிலை மாணவர்க்கு 17 முதல் 22, முதுநிலை மாணவர்க்கு 24 அல்லது 25, ஆய்வு மாணவர்க்கு 28 என வயது வரம்பு விதிக்கப்பட்டது. நிர்வாகப் பொறுப்புக்கு ஒருவர் ஒருமுறையே போட்டியிடலாம். குறைந்தது 75 விழுக்காடு வருகையோ பல்கலைக்கழகம் வகுத்த வருகையளவோ வேண்டும். தேர்தல் முறையீடுகளை விசாரிக்கும் குறைதீர் குழுவுக்கு மாணவர் நல முதன்மையர் தலைவர். மூத்த ஆசிரியர் ஒருவரும் மூத்த நிர்வாக அலுவலர் ஒருவரும் இறுதியாண்டு மாணவர் இருவரும் உறுப்பினர். மேல்முறையீடு நிறுவனத் தலைவரிடமே. ஐவரில் மூவர் நிர்வாகத்தைச் சார்ந்தோர்; மேல்முறையீட்டைக் கேட்பவரும் நிர்வாகத் தலைவரே. அதுகாறும் பேரவைக்கு வழிகாட்டியவர் என அறியப்பட்ட ஆசிரியர், இவ்வமைப்பில் வேட்பாளரைத் தகுதிநீக்கும் அதிகாரம் பெற்ற நடுவராகிறார். நியமனமுறை இடைக்கால ஏற்பாடே, ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றும் அதே அறிக்கை கூறியது. நியமனத்தை விரும்பும் நிறுவனங்கள் மேற்கோள் காட்டாத பகுதி இது.

ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம்

1969இல் தொடங்கப்பெற்ற இப்பல்கலைக்கழகத்தில் மாணவர் பேரவையின் சட்டவிதிகளை மாணவர்களே வகுத்தனர். தேர்தலை நடத்துவதும் மாணவர்களைக் கொண்ட தேர்தல் ஆணையமே. வாக்காளர் பட்டியல், வேட்புமனு ஆய்வு, தலைவர் பதவி வேட்பாளர்களின் பொது விவாதம், வாக்கு எண்ணிக்கை அனைத்தும் அதன் பொறுப்பு. காவல்துறைக்கு அங்கு வேலையில்லை. சுவரொட்டிகள் நெடுங்காலமாகக் கையால் வரையப்பட்டவை, செலவு சிறிது. லிங்டோ குழு அடைய விரும்பிய எளிமை, குழு தோன்றுவதற்கு முன்பே இங்கு நடைமுறையில் இருந்தது. சிறிய, ஒரே வளாகப் பல்கலைக்கழகங்களுக்கு நேரடித் தேர்தல் ஏற்றதெனக் கூறுமிடத்து, ஐதராபாத் பல்கலைக்கழகத்தோடு இப்பல்கலைக்கழகத்தையும் அறிக்கை எடுத்துக்காட்டியது.

அத்தகைய பல்கலைக்கழகத்தின் தேர்தலுக்குத்தான் 2008 அக்டோபர் 24இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வயது வரம்பு, மீண்டும் போட்டியிடுதல், குறைதீர் குழு ஆகியவற்றில் பேரவையின் விதிகள் பரிந்துரைகளோடு பொருந்தவில்லை. செலவும் வன்முறையும் இங்கே வழக்குப்பொருள் அல்ல என்பது கருதத்தக்கது. நோயின் அறிகுறி காணப்படாத இடத்திலும் மருந்து கட்டாயமாக்கப்பட்டது.

வயது வரம்பு வெறும் எண்ணிக்கை அன்று. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோர்க்குச் சேர்க்கையில் கூடுதல் புள்ளிகள் வழங்கிய பல்கலைக்கழகம் இது. இடைநின்று, ஊதியப் பணி பார்த்து, காலந்தாழ்த்தி ஆய்வுக்கு வரும் மாணவர் இத்தகைய சேர்க்கை முறையால் உள்ளே வர இயலும். உள்ளே வந்தபின் வாக்களிக்கலாம், போட்டியிடலாகாது என்றால் வரம்பினால் விலக்கப்படுவோர் யார் என்பது விளங்கும்.

2009 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் வேறொரு அமர்வே, பரிந்துரைகளை நீதிமன்ற ஆணையால் கட்டாயமாக்கியது சட்டமியற்றும் செயலாகாதா என்று ஐயுற்று, அதனை அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. ஆயினும் தடை நீடித்தது. 2011 டிசம்பரில்தான் ஆய்வு மாணவர்க்கான வரம்பை 30ஆக உயர்த்துதல் உள்ளிட்ட தளர்வுகளுக்கு நீதிமன்றம் இசைந்தது. 2012 மார்ச்சில் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்து முதுகலை முடித்துச் சென்றோரில் பலர், தம் பேரவைக்கு ஒருமுறையும் வாக்களிக்காமலே பட்டம் பெற்றனர்.

தளர்வு பெற்ற விதிகளின் கீழும் மாணவர் தேர்தல் ஆணையம் நிலைத்தது. ஆயினும் அதன் முடிவை ஏற்பதும் மறுப்பதும் நிர்வாகத்தின் கையில் இருந்தன. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவையை நிர்வாகம் முறைப்படி அறிவிக்கவில்லை; லிங்டோ பரிந்துரைகள் மீறப்பட்டன என்பது காட்டப்பட்ட காரணம். அவ்வாண்டு அக்டோபரில் பேரவை அலுவலகத்தைக் காலிசெய்யுமாறும் அறிவுறுத்தியது. அதன்பின் பெருந்தொற்றும் குறுக்கிட, அடுத்த தேர்தல் 2024 மார்ச்சில்தான் நடைபெற்றது.