கொரிய மொழியும் கலை வளர்ச்சியும்

ஒரு நாட்டின் கலை கடல் கடந்து பரவுவதற்குப் பொருள்வளமே காரணம் என்பார் உளர். அக்கூற்று முழு உண்மையன்று என்பதைக் கொரிய வரலாறு காட்டும். பாட்டுக்கும் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் உயிர்நாடி மொழி. அம்மொழியையே கொரிய மக்கள் இழந்துவிடக்கூடிய காலமும் ஒன்று இருந்தது.

1910-ஆம் ஆண்டில் ஜப்பான் கொரியாவைத் தன் ஆட்சியில் இணைத்துக்கொண்டது. 1938-இல் பள்ளிகளில் கொரிய மொழி கட்டாயப் பாடம் என்னும் நிலையை இழந்தது. 1940-இல் ‘தோங்கா இல்போ’, ‘சோசன் இல்போ’ என்னும் கொரிய நாளிதழ்கள் மூடப்பட்டன. மக்கள் தம் பெயர்களையும் ஜப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டனர். 1942-இல், அகராதி தொகுத்துவந்த கொரிய மொழிக் கழகத்து அறிஞர்கள் சிறைப்பட்டனர். அவர்களுள் இருவர் சிறையிலேயே உயிர் நீத்தனர். பறிமுதலான கையெழுத்துப்படி, நாடு விடுதலையடைந்தபின், 1945 செப்டம்பரில் சியோல் புகைவண்டி நிலையக் கிடங்கொன்றில் கிடைத்தது. முதல் தொகுதி 1947-இல் வெளிவந்தது. ஆறு தொகுதிகளும் 1957-இல் நிறைவெய்தின.

அதன் பின்னரும் கலைக்கு வழி எளிதாக இல்லை. 1950 முதல் 1953 வரை நடந்த போரும், பின்வந்த படைத்துறை ஆட்சியும் தடைகளாயின. 1966-இல் தென்கொரிய அரசு, உள்நாட்டுப் படங்களைத் திரையரங்குகள் கட்டாயமாகக் காட்டவேண்டும் என்று விதித்தது. ஆயினும் தணிக்கை நீடித்தது. 1996-இல்தான், படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பும் உரிமையும் ஒருங்கே வாய்த்த பின்னரே வளர்ச்சி விரைந்தது.

2002-இல் வந்த ‘வின்டர் சொனாட்டா’ தொலைக்காட்சித் தொடர் மறு ஆண்டே ஜப்பானில் ஒளிபரப்பாயிற்று. அதில் மனம் பறிகொடுத்த ஜப்பானியர் பலர் கொரிய மொழியைக் கற்கத் தொடங்கினர்! ஒரு காலத்தில் அம்மொழியை ஒடுக்கிய நாட்டிலேயே இது நிகழ்ந்தது. 2018-இல் பி.டி.எஸ். குழுவின் இசைத்தொகுப்பு அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றது. 2020-இல் ‘பாரசைட்’ நான்கு ஆஸ்கார் விருதுகளை வென்றது. ஆங்கிலமல்லாத மொழிப்படம் ஒன்று சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

2021-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி கொரிய வழிச் சொற்கள் 26-ஐ ஏற்றது. அகராதி தொகுத்தமைக்காகச் சிறைப்பட்டோரின் மொழிக்கு வந்த பெருமை அது. மேடையில் பாடுவோர்க்குக் கிட்டும் புகழில், சொல்லைத் தேடித் தொகுத்தோர்க்கும் அதனை வகுப்பில் கற்பித்தோர்க்கும் பங்குண்டு என்பதை மொழியாசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைத்தல் தகும்.